தமையன் இல்லாத வீட்டுக் கலியாணம்

யார் எது கேட்டாலும் உமாபதிக்கு 'ஏலாது' என்ற சொல் வாயில் வராது. நல்ல குணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்று புனிதவதி சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் அப்படிச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் உரிமை இருந்தது.

ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியவர்கள் சோபா தூக்க ஆள் தேடினால் உமாபதி போவான். யாருடைய மாமனாராவது வந்திறங்குகிறார் என்றால், மிசிசாகாவில் வேலை முடித்தவன் வீட்டுக்குப் போகாமல் விமான நிலையத்திலேயே காத்து நிற்பான். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வருவான். புனிதவதி கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாள்.

"உனக்கு வருத்தம் முதுகிலை இல்லை, நாக்கிலை," என்பாள். "நாக்குக்குப் பூச எங்களிட்டை ஒண்டும் இல்லை."

இரண்டு பேரும் ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் எதிரெதிர்க் கதவுகளுக்குப் பின்னால் வளர்ந்தவர்கள். உமாபதியின் தாய் பின்னேர வேலைக்குப் போவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவனுடைய கால்கள் எதிர்வீட்டுக்குத்தான் போகும். அங்கே புனிதவதியின் தாய் மங்கையற்கரசி இரண்டு தட்டில் சோறு போடுவார். எந்தத் தட்டில் மீன்பொரியல் கூடவோ அது உமாபதியின் தட்டு.

"அவன் வளர்ற பிள்ளை," என்பார் தாய்.

"நான் என்ன, தேயிற பிள்ளையோ?" என்பாள் மகள்.

அவனை அண்ணா என்று கூப்பிடப் பழக்க மங்கையற்கரசி முயன்றதுண்டு. ஐந்து வயதுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதில் அந்தக் கட்டடம் முழுவதும் பரவியது: "இவன் சப்பாத்து நூல் கட்டத் தெரியாமல் அழுதவன். நான்தான் கட்டி விட்டனான். இவன் எனக்கு அண்ணாவோ?"

பிறகு புனிதவதியின் தகப்பன் பத்மநாதன் மில்லிக்கனில் வீடு வாங்கினார். உமாபதியின் தாய் தன் மூத்த மகளுடைய குழந்தைகளைப் பார்க்க மொன்றியல் போனார். உமாபதி மட்டும் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுகளில் பழைய தட்டுக்கே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் இருபதுகளின் பின்பாதியில் கலியாணம் கட்டிக்கொண்டிருக்க, இவன் ஏன் இன்னும் இந்தச் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பசிக்கிறது, வருகிறான் என்றுதான் நினைத்தான்.

2009 வசந்தத்தில் யாருக்கும் கலியாணப் பேச்சு இல்லை. மங்கையற்கரசியின் தங்கை வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்லிக் குளிரில் யூனிவேர்சிற்றி அவெனியூவில் ஆயிரக்கணக்கான சனத்தோடு மங்கையற்கரசியும் நின்றார். உமாபதி பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கொடுத்தான். மே மாதத்தில் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. தங்கையின் குரலைக் கேட்கும்வரை வீட்டில் நல்ல காரியம் பேசுவதில்லை என்று மங்கையற்கரசி சாமியறையில் நேர்ந்துகொண்டார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. வவுனியா முகாமில் இருந்து தங்கை. இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு தங்கை ஒன்று கேட்டார்: "அக்கா, பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாருங்கோ. ஒரு நல்ல செய்தி கேட்டுக் கனகாலம்."

கடவுளே வந்து சொன்னது போல மங்கையற்கரசி எழும்பினார். செப்டெம்பரில் மிசிசாகாவில் ஒரு மாப்பிள்ளை கிடைத்தார். பெயர் பரணி. பொறியியலாளர், அமைதியான பிள்ளை, சாதகமும் பொருந்தியது. கோயிலில் வைத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருதரம் பேசிக்கொண்டார்கள். "எப்பிடி?" என்று தாய் கேட்க, "நல்ல மனுசன். அதிலை ஒரு குறையும் இல்லை," என்றாள் புனிதவதி. குறை இல்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது தாய்மாரின் வழக்கம்.

அடுத்த சனிக்கிழமை உமாபதி வடை தின்றுகொண்டிருந்தான். மங்கையற்கரசி எதிரே வந்து இருந்தார். அவர் முகத்தில் மே மாதத்துக்குப் பிறகு காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"தம்பி, எங்கடை பிள்ளைக்குச் சகோதரம் இல்லையெண்டு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஏன் தெரியுமோ? நீ இருக்கிறாய். மாப்பிள்ளைத் தோழனா நீதான் நிக்க வேணும்."

"ஓம் அன்ரி," என்றான் உமாபதி. வாய் பழக்கப்படி சொல்லிவிட்டது. வடைதான் தொண்டையிலேயே நின்றது.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன் அவர் கால் கழுவி, கைபிடித்து உள்ளே கூட்டிவருவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரியை அள்ளி வைப்பவனும் அவன்தான். மாப்பிள்ளையைப் போல அவனுக்கும் தலைப்பாகை உண்டு. மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர் இருந்தாலும் அவன் பெண்ணின் உடன்பிறப்பு. உடன்பிறந்தவன் இல்லாத வீட்டில், அந்த முறையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒருவனை நிறுத்துவார்கள். ஒருமுறை நின்றவன் நின்றவன்தான். அக்கினி சாட்சியாக அண்ணன்.

உமாபதி வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்ரீல்ஸ் சந்தியில் பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். நெஞ்சில் ஏதோ அடைத்திருந்தது. வாய்வு என்று நினைத்தான். அப்படி நினைக்க அவனால்தான் முடியும்.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்குப் போய் வாய்வுக்கு மருந்து கேட்டான். புனிதவதி வெள்ளைக் கோட்டின் கையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"எப்ப தொடங்கினது?"

"சனிக்கிழமை பின்னேரம்."

"என்ன சாப்பிட்டனி?"

"உங்கடை வீட்டு வடை."

"அதே வடையை நானும் திண்டனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை." அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வடை திண்டுகொண்டிருக்கேக்கை அம்மா உன்னட்டை என்ன கேட்டவ?"

"தோழனா நிக்கச் சொல்லி."

"நீ என்ன சொன்னனி? வேண்டாம், நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்." அவள் அலுமாரிப் பக்கம் திரும்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். "இந்தாங்கோ அண்ணை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு போடுங்கோ."

உமாபதி திடுக்கிட்டான். பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பியும் பார்த்தான்.

"உதென்ன புதுப் பழக்கம்?"

"பழகத்தானே வேணும் அண்ணை. மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை 'டேய் உமாபதி' எண்டு கூப்பிட ஏலுமோ? வேறை ஏதும் வேணுமோ அண்ணை?"

"புனிதா, உப்பிடிக் கூப்பிடாதை."

"ஏன் அண்ணை?"

ஏன் என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு முன்னால் நின்றபோதுதான் தன் நெஞ்சில் அடைத்தது வாய்வு அல்ல என்பது அவனுக்கு விளங்கியது. பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து அந்த மேசைக்குத் தன்னை இழுத்தது மீன்பொரியலும் அல்ல. விளங்கியபோது காது சிவந்தது. ஆனால் நாக்கு அசையவில்லை.

புனிதவதி குரலைத் தாழ்த்தினாள். இப்போது அதில் விளையாட்டு இல்லை. "வாற ஞாயிற்றுக்கிழமை அவையள் நாள் வைக்க வருகினம். அதுக்கு முன்னம் ஆரும் என்னட்டை ஏதும் சொல்ல வேணுமெண்டால் சொல்லலாம். அதுக்குப் பிறகு எங்கடை வீடு வாக்குக் குடுத்த வீடு. நான் மாற மாட்டன்." பிறகு பழையபடி முகத்தை வைத்துக்கொண்டு, "அடுத்த ஆள் நிக்கிறார், எப்பன் தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் உமாபதி கோயிலுக்குப் போனான். பிள்ளையாரே, ஏதாவது ஒரு வழியால் இந்தப் பேச்சு நின்றுபோக வேண்டும் என்று கேட்டான். தாங்களே செய்யவேண்டிய வேலையைத் தன் தலையில் வைத்துவிட்டுப் போகிற பக்தர்களைப் பிள்ளையார் நிறையப் பார்த்திருக்கிறார். அவர் பேசாமல் இருந்தார்.

உமாபதியின் தயக்கம் வெறும் கூச்சம் அல்ல. அந்த வீட்டில் பல மாதம் அடுப்பெரிந்ததும் தெரியாது, அணைந்ததும் தெரியாது. இப்போதுதான் மங்கையற்கரசி அடுக்களையில் தேவாரம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார். முகாமில் ஒரு பெண் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் இருந்து நல்ல செய்திக்குக் காத்திருந்தார். தன் தட்டில் கூடுதலாக மீன் வைத்த கையிலிருந்து இந்தச் சந்தோசத்தைப் பறிப்பதா? பேசாமல் இருப்பதுதான் நன்றி என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அது நன்றி மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவன் மறைத்த உண்மை அவனோடு நிற்காது. மூன்று பேருடைய வாழ்க்கைக்குள் போய் உட்காரும். அதை அவன் அப்போது எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை மங்கையற்கரசி அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, உனக்கு வேட்டியும் தலைப்பாகையும் எடுக்க வேணும். காரைக் கொண்டு வா." போனான். முன் ஆசனத்தில் தாய், பின் ஆசனத்தில் மகள். வழி முழுவதும் பின்னால் இருந்து, "அண்ணை, பச்சை விழுந்திட்டுது," "அண்ணை, மெதுவாய்," என்று குரல் வந்துகொண்டிருந்தது.

"பாத்தியே தம்பி, கடைசியிலை அவளுக்கும் மரியாதை வந்திட்டுது!" என்று மங்கையற்கரசி பூரித்தார்.

பிளாசாவில் இருந்த புடவைக் கடைக்காரி அன்ரனெற் வாய்க்கு ஓய்வில்லாதவர். ஊரில் பாசையூர்க்காரி. கழுத்தில் மாதாவின் பதக்கம். பட்டுத் துணியை எடுத்து உமாபதியின் தலையில் மடித்து மடித்துக் கட்டினார்.

"இந்த வருசம் தலைப்பாகை கட்டிப் பாக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் தம்பி. தை மாசத்திலை இருந்து வெள்ளைச் சீலையும் கறுத்தச் சேட்டும்தான் வித்தனான். உங்கடை தலையிலை கட்டத்தான் என்ரை கைக்கு உயிர் வருது." அவர் ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். "நல்ல வடிவு. தோழனுக்கோ? அப்ப நீங்கள் பொம்பிளையின்ரை தமையன். என்ன, சொந்தத் தமையனோ, ஒண்டுவிட்ட தமையனோ?"

யாரும் எந்த உள்நோக்கத்தோடும் கேட்காத கேள்வி. துணியின் தரத்தைத் தீர்மானிக்கக் கேட்டது. 'ஓம்' என்று ஒரு சொல் போதும். கண்ணாடியில் உமாபதி தன்னைப் பார்த்தான். தலையில் தங்கக்கரைப் பட்டு. பக்கத்தில் மங்கையற்கரசியின் நிறைந்த முகம். அவருக்குப் பின்னால் புனிதவதி, கைகளைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் நின்றாள்.

"இல்லை," என்றான் உமாபதி.

"இல்லையோ?"

"நான் அவவுக்குத் தமையன் இல்லை. தோழனா நிக்க..." அவன் மூச்சை இழுத்தான். "என்னாலை ஏலாது அன்ரி."

கடையில் யாரோ மடித்துக்கொண்டிருந்த சீலை அப்படியே நின்றது. மங்கையற்கரசிக்கு முதலில் விளங்கவில்லை. "ஏன் தம்பி, வேலையோ? லீவு தர மாட்டாங்களோ?" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். உறவில்லாத ஒருவன் ஒரு பெண்ணுக்கு அண்ணனாக நிற்க மறுத்தால், எங்கள் சனத்தில் அதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

அவர் பக்கத்தில் கிடந்த ஸ்ரூலில் இருந்தார். "முதல்லை உதைக் கழட்டு," என்றார். "உந்தக் கோலத்திலை நிண்டு சொன்னால் எனக்கு ஒண்டும் ஓடாது."

அன்ரனெற் அவசரமாகத் தலைப்பாகையை அவிழ்த்தார். உமாபதி கலைந்த தலைமயிரோடு நின்றான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். உங்கடை முகத்தைப் பாத்திட்டு வாய் வரேல்லை."

"நாளைக்கு அந்தச் சனம் வருகுது!" மங்கையற்கரசி மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

"அம்மா, உவன் தலையிலை துணி கட்டி, கண்ணாடிக்கு முன்னாலை நிப்பாட்டினால்தான் உண்மை சொல்லுவான் எண்டு தெரிஞ்சிருந்தால், நான் போன வருசமே இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பன்," என்றாள் புனிதவதி. சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஒரு சீலையை எடுத்து விலை பார்த்தாள்.

மங்கையற்கரசிக்குக் கோபம், வெட்கம் இரண்டும் இருந்தன. ஆனால் கோபத்திலும் நியாயம் பிசகாத மனுசி.

"ரெண்டு பேரும் இப்பவே மிசிசாகாவுக்குப் போங்கோ," என்றார். "அந்தப் பிள்ளைக்கு முகத்துக்கு முகம் சொல்லிப்போட்டு வாங்கோ. ரெலிபோனிலை வேண்டாம். நாளைக்கு அவையள் தட்டத்தோடை வந்து படியிலை நிண்டு கேள்விப்படக் கூடாது. என்னைப் பிள்ளையின்ரை அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார்."

நெடுஞ்சாலையில் ஏறியதும் உமாபதி கேட்டான்:

"உனக்குத் தெரிஞ்சிருந்தால் நீயே கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"ஓம் எண்டுதான்."

"அதுதான். நீ ஆருக்கு ஓம் சொல்லேல்லை? சோபாக்காரனுக்கும் ஓம், விமான நிலையத்து மாமனாருக்கும் ஓம். எனக்கு அந்த வரிசையிலை ஒரு ஓம் வேண்டாம், உமாபதி. எனக்காக நீ ஒருக்கால் மாட்டன் எண்டு சொல்ல வேணும்."

அவன் தெருவையே பார்த்து ஓட்டினான். கொஞ்சம் பொறுத்து, "அண்ணை எண்டு சொல்லேல்லை இப்ப," என்றான்.

"கவனிச்சிட்டியே. சந்தோசம். பாத்து ஓட்டு."

பரணி ஒரு கோப்பிக் கடைக்கு வந்தார். உமாபதி ஒளிக்காமல் சொன்னான். பிழை தன்னுடையது, நேரத்துக்குச் சொல்லாத பிழை என்றான். பரணி கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு கேட்டார். நொந்திருக்க வேண்டும், ஆனால் பழி சொல்லவில்லை.

"கோயிலிலை அண்டைக்கு நான் இவவைப் பற்றித்தான் கேட்டனான்," என்றார். "சொன்ன கதை எல்லாத்திலையும் நீங்கள் வந்தனீங்கள். பள்ளிக்கூடம் எண்டாலும் நீங்கள், பனி விழுந்தாலும் நீங்கள். வீட்டை போகேக்கை யோசிச்சனான், நான் கட்டப்போறது ரெண்டு பேரையோ எண்டு." அவர் கொஞ்சம் சிரித்தார். "நாளைக்குச் சொல்லாமல் இண்டைக்குச் சொன்னீங்கள். அது பெரிய காரியம். அம்மாவுக்கு உள்ளதை நான் சொல்லுறன். கோவிப்பா. பிறகு யோசிப்பா."

எழும்பும்போது காருக்குள் இருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். நாளைக்கென்று தாய் சுட்ட பயத்தம் பணியாரம். "பாதியைக் கொண்டு போங்கோ. எங்கடை வீட்டிலை தின்ன ஆள் இல்லை." யாரும் கேட்காமல் செய்யப்படும் இப்படிப்பட்ட காரியங்களால்தான் கடவுள் இந்த உலகத்தை இன்னும் சுற்ற விட்டிருக்கிறார் என்று தோன்றும்.

மில்லிக்கன் வீட்டில் பத்மநாதன் கதவைத் திறந்தார். மங்கையற்கரசி சாமியறையில் இருந்து வந்தார். விளக்குக்கு முன்னால் நெடுநேரம் இருந்தவர் என்று முகம் சொன்னது. பெட்டியைப் பார்த்தார். என்னவென்று கேட்டு அறிந்தார்.

"பிழை விட்டது நாங்கள், பலகாரம் தந்தது அவையள்," என்றார் மெதுவாக. "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் நான்தான் பாக்க வேணும். நாளைக்கே தொடங்க வேணும்."

"முதல்லை இந்தப் பிள்ளையளை இருக்கச் சொல்லு, மங்கை," என்றார் பத்மநாதன்.

இருந்தார்கள். மங்கையற்கரசி உமாபதிக்கு நேரே நின்றார். "ஒரு கேள்வி. உண்மை சொல்ல வேணும். எப்ப இருந்து?"

"நீங்கள் என்னைத் தோழனா நில் எண்டு கேட்டனீங்களே அன்ரி... அந்த நேரத்திலை இருந்து. அதுக்கு முதல் எனக்கே தெரியாது."

"கடவுளே! அப்ப நான்தான் தொடக்கி வைச்சனானோ?"

பத்மநாதன் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் உரத்துச் சிரித்து வெகுநாள். மங்கையற்கரசி அவரை முறைக்கத் திரும்பி, முறைக்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சிக்கு என்னெண்டு சொல்லப்போறன்?" என்றார் பிறகு.

"நல்ல செய்தி எண்டு சொல்லுங்கோம்மா," என்றாள் புனிதவதி. "மாப்பிள்ளையின்ரை பெயரை மட்டும் மாத்திச் சொல்லுங்கோ."

"வாயைப் பார்!" என்ற தாய், உமாபதியின் பக்கம் விரலை நீட்டினார். "இஞ்சை பார் தம்பி. மொன்றியலுக்கு அடிச்சு உன்ரை அம்மாவோடை இண்டைக்கே நான் கதைப்பன். அவ சம்மதிச்சால்தான் மிச்சம். ஆனால் ஒண்டு. மருமோனா வாற ஆள் என்னை அன்ரி எண்டு கூப்பிட ஏலாது. மாமி எண்டு கூப்பிடு பாப்பம்."

உமாபதி எழும்பி நின்றான். சின்ன வயதில் இருந்து நாக்கில் ஒட்டிய சொல்லை ஒரு மாலையில் கழற்றுவது சுலபமா? "மா..." என்றான். இருமினான். காது இரண்டும் பழுத்துவிட்டன.

"ஏதோ பூனை கத்தின மாதிரிக் கேட்டுது," என்றார் பத்மநாதன்.

"அப்பா, பாவம் விடுங்கோ," என்றாள் புனிதவதி. விடுகிற எண்ணம் அவளுக்கும் இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வடிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி," என்றான் உமாபதி. நிலத்தைப் பார்த்துச் சொன்னதால் பாதி நிலத்துக்கே போய்விட்டது.

மங்கையற்கரசி அடுப்புப் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் ஒரு சட்டியைக் கிளறினார். முந்தானை நுனி ஒருதரம் கண்ணுக்குப் போய் வந்தது.

"கேட்டுது," என்றார். "கை கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிட."